பித்ரா பட்டியலும் பதினொரு வியூக்களும்



போன ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசல் முற்றத்தில் ஒரு பெரியவர் எங்களை மறித்துக் கேட்டார். "தம்பிமாரே, முந்தி கொப்பியில எழுதின பட்டியல இப்ப கொம்பியூட்டருக்குள்ள போட்டிரிக்கீங்க. அதுல எங்கட பேர யார் யாரு பார்க்காங்க?" அவர் கேட்டது நியாயமான கேள்வி. நின்ற நிலையில் இரண்டு வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு வந்தோம். வீட்டுக்கு வந்து யோசித்தபோது அந்தப் பதில் போதாது என்று பட்டது. ஏனென்றால் அந்தப் பட்டியலில் எங்கள் கையால் நடந்த ஒரு பிழை இருக்கிறது. அதை மறைத்துவிட்டு மற்றதைச் சொல்வதில் அர்த்தமில்லை. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டேட்டாபேஸ் தெரிந்த தம்பி தங்கைமார் இடையில் வரும் விஷயத்தைக் கவனமாகப் படியுங்கள். மற்றவர்கள் அந்த இடங்களைத் தாண்டிப் போனாலும் கதை விளங்கும்.

எங்கள் தலைமுறைக்குப் பட்டியல் என்றால் முதலில் ஞாபகம் வருவது 2004 டிசெம்பர் 26க்குப் பிறகு வந்த நாட்கள்தான். அப்போது நாங்கள் சாதாரண தரம் எழுதும் வயதுப் பிள்ளைகள். பூநொச்சிமுனை, பாலமுனை, கல்லடி, நாவலடி என்று கரையோரம் முழுக்க அடிபட்டு, பாடசாலைகள் எல்லாம் முகாமாக மாறியிருந்தன. எழுத்து நன்றாக இருந்த பிள்ளைகளைக் கூப்பிட்டு, ஒற்றைக் கோடு கொப்பியில் பெயர் எழுத வைத்தார்கள். கிராம சேவகர் ஒரு பட்டியல், பள்ளிவாசல் ஒரு பட்டியல், வாகனத்தில் வந்த ஒவ்வொரு நிறுவனத்துக்கும் வேறு வேறு பட்டியல். ஒரே குடும்பம் மூன்று பட்டியலில் இருக்கும். இன்னொரு குடும்பம் ஒன்றிலும் இருக்காது. அந்த இரண்டாவது குடும்பத்தைக் கண்டுபிடிக்க எங்களிடம் வழியே இருக்கவில்லை. இல்லாத பெயரைக் கொப்பியில் தேட முடியாதுதானே.

அதே நாட்களில் நம் நாட்டுக் கணினித் துறையினர் தொண்டர்களாகச் சேர்ந்து, சில வாரங்களுக்குள் 'சஹானா' என்ற மென்பொருளை உருவாக்கினார்கள். சிங்களத்தில் அந்தச் சொல்லுக்கு நிவாரணம் என்று பொருள். காணாமல் போனோர், முகாம்கள், உதவி நிறுவனங்கள் எல்லாவற்றையும் ஒரே தரவுத்தளத்தில் வைப்பதற்காகச் செய்தது. பிறகு 2005 பாகிஸ்தான் பூகம்பத்திலும், 2010 ஹெயிட்டி பூகம்பத்திலும் அது பயன்பட்டது. 2006இல் சுதந்திர மென்பொருள் அறக்கட்டளை சமூக நன்மைக்காகத் தரும் விருதும் அதற்குக் கிடைத்தது. இலங்கையில் பிறந்த ஒரு தரவுத்தளம் உலகத்துக்கு உதவியிருக்கிறது என்பதை உயர்தர ஐ.சி.டி. பிள்ளைகளுக்கு நாங்கள் ஒவ்வொரு வருடமும் சொல்வோம். பாடத்திட்டத்தில் இல்லாவிட்டாலும் சொல்வோம்.

சரி, எங்கள் கதைக்கு வருகிறோம்.

2021இல் பயணத்தடை போட்டு வீட்டுக்குள் இருந்த காலத்தில் எங்கள் மஹல்லாவின் குடும்பப் பதிவை எடுத்து ஒழுங்குபடுத்தித் தரும்படி நிருவாக சபை கேட்டது. நாங்கள் இரண்டு ஆசிரியர்கள். ஒருவர் ஐ.சி.டி., மற்றவர் கணிதம். இரண்டு பேரும் கல்வியியற் கல்லூரியில் ஒரே விடுதி. ஏறத்தாழ 900 குடும்பங்கள், பதினொரு ஒழுங்கைகள். முதலில் எக்செல்லில் போட்டோம். ஒரு தாள் இரண்டாகி, இரண்டு ஐந்தாகி, யாரோ ஒருவர் ஒரு நிரலை மட்டும் அகரவரிசைப்படுத்தி மற்றதை விட்டுவிட, வாப்பாவின் பெயருக்கு நேரே வேறு வீட்டுப் பிள்ளைகள் வந்து நின்றார்கள். அன்றோடு எக்செல்லை விட்டோம். பழைய லெப்டொப் ஒன்றில் எஸ்.கியூ.எல். சேர்வரின் இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பைப் போட்டோம். குடும்பம் ஒரு அட்டவணை, உறுப்பினர் ஒரு அட்டவணை, கொடுத்த உதவி ஒரு அட்டவணை. இடையில் முதன்மைச் சாவி, அந்நியச் சாவி. வகுப்பில் படிப்பிப்பதை அப்படியே செய்தோம்.

றமழானில் பித்ரா அரிசி கொடுக்கத் தகுதியானவர்களின் பட்டியல் ஒழுங்கைக்கு ஒன்றாகத் தேவை. ஒவ்வொரு ஒழுங்கைக்கும் ஒரு தொண்டர் பொறுப்பு. அவர் வந்து தன் ஒழுங்கைப் பட்டியலை அச்சிட்டு, டோக்கன் எழுதிக்கொண்டு போவார். அதற்காக நாங்கள் பதினொரு வியூ எழுதினோம்.

வியூ என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: டேட்டாபேஸில் நாம் கேட்கும் கேள்விக்கு வினவல் என்று பெயர். அந்தக் கேள்வியை ஒரு பெயர் போட்டுச் சேமித்து வைத்தால் அது வியூ. அதற்குள் தரவு எதுவும் இல்லை. திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் கேள்வி அடியிலுள்ள அட்டவணைகளிடம் புதிதாகக் கேட்கப்படுகிறது. பார்ப்பதற்கு மட்டும் அது இன்னொரு அட்டவணை போலவே இருக்கும். கொட் என்பவர் 1970இல் தொடர்புநிலை மாதிரியைப் பற்றி எழுதிய கட்டுரைக்குப் பிறகு, அந்தப் பத்தாண்டிலேயே ஐ.பி.எம். ஆய்வுகூடத்தில் சிஸ்டம் ஆர் செய்தவர்கள் வியூவையும் கொண்டுவந்துவிட்டார்கள். ஆகவே இது எங்களை விட வயதில் மூத்தது.

ஆனால் வியூவுக்கு ஒரு குணம். அது கேட்கும் கேள்வி எழுதும்போதே முடிந்துவிடுகிறது. "எந்த ஒழுங்கை?" என்று அது உங்களைத் திருப்பிக் கேட்காது. அதனால்தான் முதலாம் ஒழுங்கைக்கு ஒன்று, இரண்டாம் ஒழுங்கைக்கு ஒன்று என்று பிரதி எடுத்து, எண்ணை மட்டும் மாற்றிப் பதினொன்று செய்தோம். ஒவ்வொன்றுக்குள்ளும் தகுதி விதியும் எழுதப்பட்டிருந்தது: மாத வருமானம் 30,000 ரூபாய்க்குக் குறைவு. 2022 றமழானில் அது சரியாக வேலை செய்தது. நாங்களும் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொண்டோம்.

அந்த வருடம் நாடு என்ன பாடுபட்டது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அரிசி கிலோ 200 ரூபாயைத் தாண்டியது. 30,000 ரூபாய்க்கு முன்பிருந்த பெறுமதி இல்லாமல் போனது. 2023இல் நிருவாக சபை கூடி எல்லையை 50,000 ஆக்கியது. தீர்மானம் தராவீஹுக்குப் பிறகு எங்களுக்குச் சொல்லப்பட்டது. அன்று இரவே உட்கார்ந்து வியூக்களைத் திருத்தினோம். ஒன்றைத் திறப்பது, 30,000ஐ 50,000 ஆக்குவது, சேமிப்பது, அடுத்தது. இடையில் மின்சாரம் போய் வந்தது. பதினொன்றும் முடிந்தது என்று நினைத்து எழும்பினோம்.

பத்துத்தான் முடிந்திருந்தது. ஏழாம் ஒழுங்கையின் வியூ 30,000த்திலேயே நின்றது.

கணினி ஒரு பிழைச் செய்தியும் காட்டவில்லை. காட்டவும் மாட்டாது. அதன் கணக்கில் பிழை எதுவும் இல்லை. ஏழாம் ஒழுங்கைப் பட்டியல் ஒழுங்காக அச்சானது, டோக்கன் எழுதப்பட்டது, 27ஆம் கிழமை அரிசி பிரிக்கப்பட்டது. நான்கு குடும்பங்கள் விடுபட்டன. மூன்று வீட்டுக்காரர் தொண்டரிடம் நேரே கேட்டார்கள். அவர் தன் கையாலேயே பட்டியலில் சேர்த்துக் கொடுத்துவிட்டார். எங்களிடம் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. நான்காவது வீடு கேட்கவில்லை.

பெருநாள் விடுமுறை முடிந்து பாடசாலை தொடங்கிய வாரம், தரம் 9 படிக்கும் ஒரு பிள்ளை மூன்று நாள் வரவில்லை. எங்களில் ஒருவர் வீட்டுக்குப் போனார். உம்மா மட்டும் இருந்தார். இடியப்பம் அவித்து விற்றுப் பிள்ளைகளை வளர்ப்பவர். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றார், தேத்தண்ணி தந்தார். பேச்சோடு பேச்சாகப் பிள்ளைதான் உள்ளே பாயில் கிடந்தபடி சொன்னான்: "சேர், இந்தமுற எங்கட ஊட்டுக்கு டோக்கன் வரல்ல."

உம்மா அவனை அதட்டினார். பிறகு எங்களைப் பார்க்காமல் சொன்னார்: "நாங்க இப்ப அந்தளவு கஷ்டப்பட்டவங்க இல்ல எண்டு பள்ளிவாசல் முடிவெடுத்திரிக்கும் எண்டு நெனச்சன். அதான் கேக்கல்ல."

முந்திய வருடம் அவர் வருமானம் 26,000 என்று பதிவில் இருந்தது. இந்த வருடம் 34,000. இடியப்பத்தின் விலையைக் கூட்டியிருந்தார், மா விலை கூடியதால். வாழ்க்கை அதேதான், இலக்கம் மட்டும் ஏறியிருந்தது. அதற்காகத்தான் சபையே எல்லையை உயர்த்தியது.

பித்ராவுக்கு ஒரு நேரம் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். பெருநாள் தொழுகைக்கு முன் உரியவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். அதற்குப் பிறகு கொடுத்தால் அது சாதாரண ஸதகாதான். நாங்கள் அன்று மாலை அரிசியும் பணமும் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர் வாங்கிக்கொண்டார். ஆனால் விடுபட்டது விடுபட்டதுதான். மௌலவியிடம் போய்ச் சொன்னோம், நிருவாக சபையிலும் எழுந்து நின்று சொன்னோம். யாரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இனி அந்தப் பிழையை நாங்கள் எப்படிப் புரிந்துகொண்டோம் என்பது.

எங்களிடம் படித்த ஒரு பிள்ளை இப்போது கட்டாரில் டேட்டாபேஸ் வேலை செய்கிறார். அவருக்கு வட்ஸ்அப்பில் எழுதினோம். வியூவில் பிரச்சினை, பங்ஷனாக மாற்றினால் சரிவருமா என்று கேட்டோம். அவர் எடுத்த எடுப்பில் எழுதியது: "சேர், வியூவுல பிரச்சின இல்ல. 50,000 எண்டது ஒரு தரவு. அத ஏன் வினவலுக்குள்ள எழுதினீங்க?"

உண்மைதான். பிள்ளைகளுக்கு வகுப்பில் நாங்களே படிப்பிப்பது: ஒரு விடயம் ஒரே இடத்தில்தான் இருக்க வேண்டும். இரண்டு இடத்தில் இருந்தால் ஒருநாள் அவை ஒன்றுக்கொன்று முரண்படும். அட்டவணைகளுக்கு இதைச் செய்தோம், வினவல்களுக்குச் செய்யவில்லை. இப்போது வருடம், எல்லைத் தொகை, பெருநாள் திகதி மூன்றும் கொண்ட சின்ன அட்டவணை ஒன்று இருக்கிறது. சபை தீர்மானம் எடுத்தால் அதில் ஒரு வரி சேர்ப்போம், அவ்வளவுதான்.

இரண்டாவது, பதினொரு வியூ தேவையே இருக்கவில்லை. எல்லா ஒழுங்கையும் உள்ள ஒரே வியூ போட்டு, திறக்கும்போது "ஒழுங்கை எண் ஏழு" என்று வடிகட்டினால் போதும். எஸ்.கியூ.எல். சேர்வர் முட்டாள்தனமாக 900 குடும்பத்தையும் எடுத்துவிட்டுப் பிறகு வடிகட்டாது. வியூவை விரித்து நம் கேள்வியோடு ஒன்றாகச் சேர்த்து, நிபந்தனையை உள்ளே தள்ளிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும். இது எங்களுக்கு முன்பே தெரிந்திருந்தால் இந்தப் பதிவே இருந்திருக்காது.

அப்படியென்றால் பங்ஷன் எதற்கு? இதைத்தான் அந்தப் பிள்ளை எங்களுக்கு இரண்டு இரவு இருந்து விளங்கப்படுத்தினார். ஆசிரியர் மாணவன் என்ற வரிசை அந்த இரண்டு இரவும் தலைகீழாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

பாடசாலை உதாரணத்தில் சொன்னால் சுலபம். உயர்தரப் பரீட்சைக்குப் பாடசாலைப் பரீட்சார்த்தியாகத் தோற்றுவதற்கு 80 சதவீத வரவு வேண்டும். ஒவ்வொரு பிள்ளையும் எத்தனை நாள் வந்தது என்று கூட்டிக் காட்டும் வியூ ஒன்று எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது பெயரும் மொத்த நாளும் தரும். இப்போது அதிபர் "ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரைக்கும் மட்டும் காட்டுங்க" என்கிறார். வியூவுக்கு வெளியே நின்று வடிகட்டலாம் என்றால், திகதி என்ற நிரலே அங்கே இல்லை. கூட்டும்போது அது கரைந்துவிட்டது. திகதியை வெளியே காட்டினால் கூட்டல் இல்லாமல் போகிறது. சோறாக்கிய பிறகு அரிசியில் கல் பொறுக்க முடியாது, அதுபோல. திகதி நிபந்தனை கூட்டலுக்கு முன்னால் உள்ளே போக வேண்டும். வியூவில் அதற்குக் கதவு இல்லை.

அந்தக் கதவுதான் இன்லைன் டேபிள் வெல்யூட் பங்ஷன். எஸ்.கியூ.எல். சேர்வரில் 2000ஆம் ஆண்டுப் பதிப்போடு வந்தது. உள்ளே இருப்பது வியூ போலவே ஒரேயொரு வினவல்தான். வித்தியாசம், பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி இருக்கிறது. அதற்குள் தொடக்கத் திகதி, முடிவுத் திகதி என்று பெறுமானங்களைக் கொடுக்கலாம். திரும்பி வருவது ஓர் அட்டவணை. அதை மற்ற அட்டவணைகளோடு இணைக்கலாம், மேலும் வடிகட்டலாம். வியூவை விரிப்பது போலவே இதையும் விரித்துக் கேள்வியோடு சேர்த்துத்தான் ஓட்டும். ஆகவே வேகத்தில் வியூவுக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

வாவிக்கரை ஆட்களுக்கு வேறு விதமாகவும் சொல்லலாம். வியூ, கம்பு நட்டுக் கட்டி வைத்த வலை. அது இருக்கும் இடத்தில் வந்ததைப் பிடிக்கும். பங்ஷன் வீச்சுவலை. எங்கே வீச வேண்டும் என்று நீங்கள் சொல்ல வேண்டும். தண்ணி ஒன்றுதான், மீனும் ஒன்றுதான். (மீனவச் சகோதரர்கள் உவமையில் பிழை கண்டால் மன்னிக்கவும். எங்களில் ஒருவரின் வாப்பா வீச்சுவலை வீசியவர். பிள்ளைக்கு வலையைப் பிடித்துத் தூக்கவும் தெரியாது.)

இங்கே ஒரு பொறி இருக்கிறது. நாங்கள் முதலில் எழுதிய பங்ஷன் இன்லைன் இல்லை. தொடக்கம், முடிவு என்று சொற்கள் போட்டு, உள்ளே ஒரு தற்காலிக அட்டவணை மாறியைப் பிரகடனப்படுத்தி, அதில் வரிகளை நிரப்பித் திருப்பிக் கொடுப்பது. நிரல் எழுதிப் பழகியவர்களுக்கு இதுதான் இயல்பாகக் கைக்கு வரும். எங்களுக்கும் அப்படித்தான் வந்தது. ஆனால் அதை விரிக்க முடியாது. சேர்வருக்கு அது மூடிய பெட்டி. உள்ளேயிருந்து எத்தனை வரி வரும் என்று அதற்குத் தெரியாமல் ஒரு குத்துமதிப்புப் போடும். பழைய பதிப்புகளில் 1 வரி, 2014 பதிப்பிலிருந்து 100 வரி. உண்மையில் வருவது ஒரு லட்சமாக இருந்தாலும் திட்டம் அந்தக் குத்துமதிப்பை வைத்துத்தான். 2017 பதிப்பில் இதைக் கொஞ்சம் சரிசெய்திருக்கிறார்கள். 900 குடும்பத்துக்கு இது ஒரு பொருட்டே இல்லை, ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனால் 1,200 பிள்ளைகள், வருடத்துக்கு ஏறத்தாழ 200 நாள் என்றால் வரவுப் பதிவு வருடத்துக்கு இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் வரி. அங்கே தெரியும். உயர்தரப் பிள்ளைகள் இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: அட்டவணை தரும் பங்ஷன் எல்லாம் ஒரே வகை இல்லை. ஒரு வினவலில் முடிக்க முடியுமென்றால் ஒரு வினவலில் முடியுங்கள்.

பித்ராவுக்குத் திரும்பினால், எங்களுக்கு உண்மையில் தேவைப்பட்ட பெறுமானம் திகதிதான், ஒழுங்கை அல்ல. வருமானத்தை ஆட்களால் வகுத்துப் பார்ப்பது என்று சபை பிறகு தீர்மானித்தது. குடும்பத்தில் எத்தனை பேர் என்பது பெருநாளன்று உள்ள எண்ணிக்கை. அதற்குள் பிறந்த பிள்ளை சேர வேண்டும், வபாத்தானவர் கழிய வேண்டும், கலியாணம் முடித்து மனைவி வீட்டுக்குப் போன மகன் அங்கே எண்ணப்பட வேண்டும். நம் ஊரில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போவதால் இந்தக் கடைசி வகை நிறைய. எண்ணுவதற்கு முன்பே திகதி உள்ளே போக வேண்டிய கணக்கு இது. ஒழுங்கை எண், பெருநாள் திகதி இரண்டையும் வாங்கும் ஒரே பங்ஷன் எழுதினோம். பதினொரு ஒழுங்கைக்கும் சேர்த்துப் பட்டியல் வேண்டுமென்றால், ஒழுங்கை அட்டவணையின் ஒவ்வொரு வரிக்கும் அந்தப் பங்ஷனைப் போட்டுப் பார்க்கும் 'குரொஸ் அப்ளை' என்ற வழி இருக்கிறது. பதினொரு வியூவையும் அழித்தோம். அழிப்பதற்கு முன் ஏழாவதை ஒருமுறை திறந்து பார்த்தோம்.

இங்கே முடிந்திருந்தால் பங்ஷன்தான் நல்லது, வியூ பழசு என்று எழுதிவிட்டுப் போயிருப்போம். ஆனால் முற்றத்தில் அந்தப் பெரியவர் கேட்ட கேள்வி இனித்தான் வருகிறது.

பங்ஷனைத் தொண்டர்களுக்குத் திறந்து கொடுத்தோம். ஒழுங்கை எண்ணை அடித்தால் பட்டியல் வரும். ஒரு தொண்டர், நல்ல பிள்ளை, தன் ஒழுங்கை எண்ணுக்குப் பதிலாக வேறொரு எண்ணை அடித்துவிட்டார். கை தவறித்தான். திரையில் வந்த பெயர்களில் ஒன்று அவர் மனைவியின் சாச்சா வீடு. அந்த வீட்டில் கஷ்டம் என்று குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. அவர் பதறிப்போய் எங்களிடம் வந்து சொன்னார். யாரிடமும் சொல்லவில்லை என்றும் சொன்னார், நாங்கள் நம்புகிறோம். ஆனால் அவர் கண் பட்டது பட்டதுதான்.

பழைய பதினொரு வியூவில் இது நடந்திருக்காது. ஏழாம் ஒழுங்கைத் தொண்டருக்கு ஏழாம் வியூவுக்கு மட்டும் அனுமதி. அடியிலுள்ள குடும்ப அட்டவணையைத் திறக்க அனுமதி இல்லாமலேயே வியூ காட்டுவதை மட்டும் பார்க்க முடியும். ஊமையாக இருந்ததே அதற்குக் காவலாகவும் இருந்தது. பங்ஷனில் அப்படி இல்லை. பெறுமானத்தைக் கேட்பவர்தான் கொடுக்கிறார். ஆகவே அவர் எதையும் கொடுக்கலாம். 'ஒழுங்கை எண் 7' என்பது ஒரு வேண்டுகோள். பூட்டு அல்ல. நாங்கள் அதைப் பூட்டு என்று நினைத்துவிட்டோம்.

இப்போது இருப்பது இரண்டும் சேர்ந்த ஏற்பாடு. தொண்டர்கள் பெயரும் ஒழுங்கையும் உள்ள ஓர் அட்டவணை. அதற்கு மேல் ஒரேயொரு வியூ. யார் கணக்கில் உள்நுழைந்திருக்கிறார் என்று சேர்வரிடம் கேட்டு, அவருக்குரிய ஒழுங்கையை அந்த அட்டவணையிலிருந்து எடுத்து, நடப்பு வருடத்துப் பெருநாள் திகதியோடு சேர்த்துப் பங்ஷனுக்கு வியூவே கொடுக்கிறது. தொண்டருக்கு வியூவில் மட்டும் அனுமதி, பங்ஷனைத் தொட முடியாது. அடிப்பதற்கு எண்ணே இல்லை. 2016 பதிப்பிலிருந்து வரி வாரியான பாதுகாப்பு என்ற வசதியே எஸ்.கியூ.எல். சேர்வரில் இருக்கிறது. யார் எந்த வரியைப் பார்க்கலாம் என்ற விதியை அட்டவணையிலேயே கட்டிவிடலாம். அந்த விதியை எழுத வேண்டிய வடிவமும் இன்லைன் பங்ஷன்தான் என்பது எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது. நாங்கள் இன்னும் அந்த அளவுக்குப் போகவில்லை.

வேறொரு காரணத்துக்காகவும் வியூ வசதி. அச்சிடும் படிவம் அக்சஸில் செய்தது. அக்சஸ் ஒரு வியூவை அட்டவணை போலவே இணைத்துக்கொள்ளும். பங்ஷனை அப்படி இணைக்காது, தனியாக வினவல் எழுதி அனுப்ப வேண்டும். இன்னும் ஒன்று: லட்சக்கணக்கான வரிகளை அடிக்கடி கூட்டிப் பார்க்க வேண்டிய இடத்தில், வியூவுக்குச் சுட்டி போட்டு விடையையே சேமித்து வைக்கலாம். பங்ஷனுக்கு அது முடியாது. பள்ளிவாசலுக்கு அது தேவையில்லை. மை எஸ்.கியூ.எல். பாவிக்கும் பிள்ளைகள் எங்களிடம் கேட்கிறார்கள், அங்கே அட்டவணை தரும் பங்ஷனை எப்படி எழுதுவது என்று. அங்கே அந்த வசதி இல்லை, தம்பி. வியூவே அங்கு 2005 ஒக்டோபரில் 5.0 பதிப்போடுதான் வந்தது. சுனாமி நேரத்தில் அதுவும் இல்லை. போஸ்ட்கிரெஸ்ஸில் இரண்டும் இருக்கிறது, இலவசமும்கூட. புதிதாகத் தொடங்குபவர்கள் அதைப் பாருங்கள்.

ஆக, பெரியவர் கேட்டதற்கு முழுப் பதில் இது. உங்கள் பெயரை உங்கள் ஒழுங்கைத் தொண்டர் பார்க்கிறார், நிருவாக சபையில் இருவர் பார்க்கிறார்கள், நாங்கள் இருவர் பார்க்கிறோம். வேறு யாரும் இல்லை. யார் எப்போது திறந்தார் என்று எழுதி வைக்கும் ஏற்பாடு இன்னும் செய்யவில்லை. இந்த வருடத்துக்குள் செய்ய வேண்டும்.

கணினிப் பட்டியல் அச்சான பிறகு ஒழுங்கைக்கு ஒரு கொப்பியும் இப்போது வைத்திருக்கிறோம். தொண்டர் வீடு வீடாகப் போய், பட்டியலில் இல்லாத வீடுகளின் வாசலிலும் ஒரு நிமிடம் நின்று விசாரித்துவிட்டு வருவார். அதைக் கொப்பியில் எழுதுவார். திரையில் உள்ள எண்ணும் கொப்பியில் உள்ள எண்ணும் ஒன்றாக வராவிட்டால் டோக்கன் எழுத மாட்டோம். போன றமழானில் இரண்டு ஒழுங்கைகளில் ஒன்றாக வரவில்லை. ஒன்றில் பிழை கணினியில், மற்றதில் கொப்பியில்.

இடம் மாறிப் போனவர்கள், பிள்ளை பிறந்த வீடுகள், மகனோ மகளோ கலியாணம் முடித்து வேறு ஒழுங்கைக்குப் போன வீடுகள், தயவுசெய்து ஷஃபான் முடிவதற்குள் மஃரிபுக்குப் பிறகு காரியாலயத்துக்கு வந்து சொல்லுங்கள். வர வெட்கமாக இருந்தால் எங்கள் இருவரில் ஒருவரைப் பாடசாலை வாசலில் பிடியுங்கள். தேத்தண்ணிக் கடையில் வைத்து மட்டும் சொல்ல வேண்டாம்.